உங்களுக்குத் தெரியுமா? லாரி மோதியவருக்குச் சட்டம் தரும் கை

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. லாரி, டிப்பர், டேங்கர், கன்டெய்னர் மோதிப் பிழைத்தவர்களில் பலருக்குக் காலோ கையோ இடுப்போ பழையபடி திரும்புவதில்லை. இழப்பீடு என்று ஒன்று உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எப்படி, எங்கே, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பதை விபத்து நடந்த பிறகுதான் விசாரிக்கிறோம். அதற்குள் பாதி ஆதாரம் கைநழுவிவிடுகிறது.

● விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. தொப்பூர் கணவாயில் அடிபட்டவர் திருநெல்வேலிக்காரர் என்றால் திருநெல்வேலியில் உள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் எதுவானாலும் சரி. கோர்ட்டு வராந்தாவில் 'எம்.சி.ஓ.பி.' என்று காதில் விழுவது இந்த மனுதான். சென்னையில் இவற்றை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது.

● ஆறு மாதம்! இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். 2019-இல் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 1994-இல் நாடாளுமன்றமே எடுத்துவிட்ட காலவரம்பு இது. மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்தவருக்கு ஆறு மாதம் என்பது இரண்டு அறுவை சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்குமே சரியாகப் போய்விடும். அவர் எப்போது வக்கீலைத் தேடுவது? இந்த வரம்பு நியாயமில்லை என்பதே என் கருத்து. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அங்கே என்ன ஆகும் என்று காத்திருக்காமல், அடிபட்டவர் சார்பில் வீட்டில் ஒருவர் முதல் மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

● போலீஸ் தானாகவே உங்கள் வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டும் என்று விதி இருப்பது தெரியுமா? 2022 ஏப்ரல் முதல் நடைமுறை இது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். 10 நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை விசாரணை அதிகாரி உங்கள் கையில் தர வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை தாக்கலாக வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்குப் போகும்போது அந்தப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "படிவம் இரண்டு கொடுங்க சார்" என்றால் போதும்.

● வழக்கின் தலையெழுத்தை எழுதும் காகிதம் எது? எஃப்.ஐ.ஆர். என்பீர்கள். அதற்கும் முந்திய ஒன்று இருக்கிறது: ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, 'ஏ.ஆர். காப்பி'. அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர், கூட வந்தவர் சொல்வதைக் கேட்டு இரண்டு வரி எழுதுகிறார். பதற்றத்தில் யாரோ ஒருவர் "வண்டியில இருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால், 'தானாக விழுந்தார்' என்று பதிவாகிவிடும். லாரி மோதியதைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது. பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் காட்டுவது அந்த இரண்டு வரியைத்தான். "லாரி மோதியது, இந்த இடத்தில், இத்தனை மணிக்கு" என்று சொல்லி எழுத வையுங்கள். நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். பின்னால் வேறு நம்பர் வரும்போது அதுவே சந்தேகத்துக்கு வழிவகுக்கும்.

அடுத்து சேர்க்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கை, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துச் சீட்டின் அசல் பில். ஆம்புலன்ஸ், ஆட்டோ ரசீதையும் தூக்கிப்போடாதீர்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஆகவே அந்தக் காட்சிகளை எடுத்துவைக்கும்படி போலீசிடம் உடனே எழுத்தில் கேளுங்கள்.

● லாரியின் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி என்று தெரியவில்லையா? பதிவு எண் இருந்தால் போதும். வண்டியின் விவரங்களையும் இன்சூரன்ஸ் விவரத்தையும் இழப்பீடு கேட்பவருக்குத் தர வேண்டியது ஆர்.டி.ஓ. அலுவலகம், காவல் நிலையம் இரண்டுக்கும் கடமை. சட்டத்தின் 160-வது பிரிவு அது.

● நிற்காமல் போன லாரி. நம்பரும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்போதும் கை விரிக்க வேண்டாம். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய் என்று 2022 முதல் திட்டம் நடப்பில் இருக்கிறது. முன்பு இது 25,000, 12,500 ஆக இருந்தது. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு, மாவட்ட அளவில் ஒப்புதல். ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னால் லாரி பிடிபட்டால் முழு இழப்பீடும் கேட்கலாம். வாங்கிய தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள்.

அந்த உத்தரவு வந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். 2012-இல் அவர் போட்ட பொதுநல வழக்கு அது. அறுவை சிகிச்சை மேசைக்கு வந்து சேர்ந்த உடல்களைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது, இந்தியச் சாலைப் பாதுகாப்பின் சட்ட வரலாற்றையே மாற்றியது. நம் ஊர் மனிதர் செய்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

● இரவில், நெடுஞ்சாலையின் நடுவே, விளக்கும் இல்லாமல் முக்கோணப் பலகையும் இல்லாமல் நின்ற 14 சக்கர ட்ரெய்லர். அதன் பின்னால் ஒரு கார் மோதுகிறது. தப்பு யார் மேல்? தீர்ப்பாயம் ஆளுக்குப் பாதி என்றது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எச்சரிக்கை எதுவும் வைக்காமல் நிறுத்தியவர்தான் பொறுப்பு என்றது. கார் ஓட்டியவரிடம் ஏதேனும் கவனக்குறைவு இருந்தாலும் அதைக் காரில் உட்கார்ந்து வந்தவர்களின் இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்றும் சொன்னது. 'நின்ற வண்டியில் போய் மோதியவன்தானே தப்பு' என்ற பேச்சைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் வழக்கே போடாமல் இருந்துவிடுகின்றன. உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

● லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பியில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள்! முன்பு பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ள விதியே இடம் கொடுத்தது. 2014-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். கம்பி நீட்டி வந்த லாரியால் அடிபட்டால் அந்தக் கம்பியோடு சேர்த்துப் படம் எடுத்துவையுங்கள். விதிமீறல் கண்ணுக்கே தெரியும்.

● டிரைவர் மேல் போட்ட கிரிமினல் கேஸ் விடுதலையில் முடிந்துவிட்டதா? இழப்பீட்டு வழக்கு அதனால் தோற்காது. கிரிமினல் கோர்ட்டு சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கும். தீர்ப்பாயத்துக்கு, நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்பது போதும்.

● உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்பதற்காகவோ, பைக்கில் மூன்று பேராகப் போனீர்கள் என்பதற்காகவோ தப்பு தானாக உங்கள் தலையில் ஏறாது. அந்தக் குறைதான் விபத்துக்குக் காரணம் என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். லைசென்ஸ் பற்றி 2008-இலும் மூவர் பயணம் பற்றி 2020-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. (அதற்காக மூன்று பேராகப் போகாதீர்கள்!)

● லாரிக்குப் பர்மிட் இல்லை, டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவப் பார்க்கும். 'முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு லாரி முதலாளியிடம் வசூலித்துக்கொள்' என்பது நம் நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த வழி. லைசென்ஸ் விஷயத்தில் 2004-இலும் பர்மிட் இல்லாத லாரி விஷயத்தில் 2018-இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2024 நவம்பரில் வந்த ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு இன்னொரு முட்டுக்கட்டையையும் எடுத்தது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம். முதலாளி வண்டியை விற்றுவிட்டேன் என்கிறாரா? ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை பொறுப்பும் மாறாது.

● இனி சொல்லப்போவது கசப்பான செய்தி. சரக்கு வண்டியில் ஆளாக ஏறிப் போகிறவர்களுக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் கிடையாது. கெடா வெட்டுக்கும், நிச்சயதார்த்தத்துக்கும், கட்சிக் கூட்டத்துக்கும் குட்டியானையிலும் மினி லாரியிலும் முப்பது பேர் நின்றுகொண்டு போவதை வாரம்தோறும் பார்க்கிறோம். வண்டி கவிழ்ந்தால் அந்த முப்பது பேரில் ஒருவருக்கும் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி முதலில் கொடுக்கட்டும் என்று சில வழக்குகளில் இரக்கத்தோடு உத்தரவு வந்திருக்கிறது. அதை நம்பிக் குழந்தைகளை ஏற்றிவிட முடியாது. மற்றபடி முதலாளியிடம்தான் வசூலிக்க வேண்டும். ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கும் மனிதரிடம் முப்பது குடும்பத்துக்குக் கொடுக்க என்ன இருக்கும்?

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏற்றிய சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூடப் போனால் பாதுகாப்பு உண்டு. 1994 திருத்தம் தந்தது அது. தக்காளிக் கூடையோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் விவசாயி அந்த வகை. சரக்குக்கான சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

● டிரைவருக்கும் கிளீனருக்கும் அடிபட்டால்? அவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வேறு வண்டியின் தப்பு என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். தன் வண்டி தானே கவிழ்ந்தது என்றால், 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழி வந்த உரிமை கைகொடுக்கும். வேலையின்போது அடிபட்டது என்பதைக் காட்டினால் போதும். யார் தப்பு என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. தொகை குறைவாக இருக்கலாம். ஆனால் வேலையில் இருந்ததைக் காட்டக் கிளீனர் பையன்கள் பலரிடம் சம்பளச் சீட்டே கிடையாது. கூகுள் பேயில் முதலாளி போட்ட படிக்காசு, டிரிப் ஷீட்டில் இருக்கும் பெயர், லோடு ஏற்றிய இடத்தின் கேட் பதிவு என்று கிடைத்ததையெல்லாம் சேர்க்க வேண்டும்.

● நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு 1961-லேயே சட்டம் வகுத்த வேலை வரம்பு இது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. நெடுந்தூர லோடு ஓட்டுபவருக்கு இது பெரும்பாலும் காகிதத்தோடு சரி. தூங்காமல் ஓட்டியதால் நேர்ந்த விபத்து என்று சந்தேகம் இருந்தால், ஜி.பி.எஸ். பதிவு, ஃபாஸ்டேக் நேரங்கள், எடைமேடைச் சீட்டு ஆகியவற்றை வரவழைக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். கண் சொக்கிய டிரைவர் ஒருவரை மட்டும் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, விடியறதுக்குள் லோடு இறங்கணும் என்று போனில் விரட்டியவர் ஒதுங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

● தொகையை நீதிபதி மனம்போல் நிர்ணயிப்பதில்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு 34 வயதுக் கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளி என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்க எண் 16. உச்ச நீதிமன்றம் 2009-இல் நிலைநிறுத்திய அட்டவணை அது. பெருக்கினால் 40,32,000. சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் போய்விட்டது என்று முடிவானால் 24,19,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, செயற்கைக் கால், மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் இதற்கு மேல். லாரி முதலாளியின் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து "ஐம்பதாயிரம் வாங்கிக்குங்க, கேஸ் வேண்டாம்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

● மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்றால் வருமான இழப்பும் 40 சதவீதம்தானா? இல்லை. இடது கை போன குமாஸ்தா எழுதிப் பிழைப்பார். அதே கை போன டிரைவரோ தச்சரோ தொழிலையே இழக்கிறார். 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணம் இதுதான். அடிபடுவதற்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சிக்கூண்டில் விவரமாகச் சொல்லுங்கள்.

● கேட்டதற்கு மேல் தர தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும். 2021-இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது.

● பெற்றோருடன் டிராக்டரில் போன 12 வயதுச் சிறுமி. லாரி மோதியதில் மூளை பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் பிறர் துணையில்லாமல் இருக்க முடியாத நிலை. உயர் நீதிமன்றம் கொடுத்த சுமார் 26 லட்சத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தேவை என்பதையும் சேர்த்துக்கொண்டது. தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்வார்கள், அதற்கெதற்குப் பணம் என்று விட்டுவிடவில்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் மனிதத்தன்மை உள்ள தீர்ப்பு இது.

● முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தேட வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் எந்த மாநிலத்துக்காரர் ஆனாலும் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். பீகாரிலிருந்து லோடு கொண்டுவந்த டிரைவருக்கும் சேர்த்துத்தான். 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரைக் கேஸ், சாட்சி என்று தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் இப்போது சட்டம்.

● "ஜெயித்தால் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்ற ஒப்பந்தம் அமெரிக்காவில் வழக்கம். இந்தியாவில் வக்கீல்களுக்கு அது தடை. பார் கவுன்சில் விதி வெளிப்படையாகச் சொல்கிறது. ஆள் பிடித்து வழக்குச் சேர்ப்பதும் தடை. அவசரப் பிரிவு வாசலில் புரோக்கர் வந்து வெற்று வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கட்டைவிரல் ரேகையும் வேண்டாம். பணமும் புரோக்கர் கைவழியாக வர வேண்டியதில்லை: தொகையை நேரடியாகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கில் சேர்க்க வழிசெய்யும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

● மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் பணம் சீக்கிரம் வரும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. சிகிச்சை இன்னும் பாக்கி என்றால் அவசரப்பட வேண்டாம். தீர்ப்பாயத் தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். விவகாரத்தில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

● வக்கீலுக்குக் கொடுக்கப் பணமே இல்லை என்பவருக்கு: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எவருக்கும் வருமானம் பார்க்காமல் அரசே இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. விபத்தில் கால் இழந்தவர் மாற்றுத்திறனாளி என்ற முறையில் வருமான வரம்பு இல்லாதவர் பட்டியலில் வந்துவிடுகிறார். மாவட்ட, தாலுகா நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கிறது. நேரில் போக முடியாதவர் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். உங்கள் தெருவில் கட்டுப்போட்ட காலோடு யாராவது படுத்திருந்தால், இன்றே அவர் வீட்டாரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: ஏ.ஆர். காப்பி வாங்கினீர்களா, ஆறு மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?